சிப்பர் இயந்திரத்தை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

நிலமும் தோட்டமும்: வாசகர் கேள்வி – பதில்

புதர் மண்டிய நிலத்தைத் துப்புரவு செய்வது பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை வெட்டிய கிளைகளைச் சீவித் துண்டாக்கும் சிப்பர் இயந்திரத்தைப் பற்றியே கேட்பதால், இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சுங்கை பாக்காப் அருகே என் தந்தையார் விட்டுச்சென்ற மூன்று ஏக்கர் நிலம் எங்களுக்கு இருக்கிறது. ஒரு பக்கம் பால் வெட்டுவதை நிறுத்திவிட்ட பழைய பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்). மறுபக்கம் சில ரம்புத்தான், மங்குஸ்தீன் மரங்கள். பல ஆண்டுகளாக யாரும் போகாததால், இடையில் இருக்கும் இடம் முழுவதையும் லாலாங் புல்லும் செண்டுடுக் செடிகளும் இளம் மஹாங் மரங்களும் மூடிவிட்டன. நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். மகனுக்கு விடுமுறை கிடைக்கும் வார இறுதிகளில்தான் அங்கே போக முடிகிறது. 15 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் சிப்பருக்குக் கடையில் 7,800 வெள்ளி கேட்கிறார்கள். வாடகைக்கு எடுத்தால் நாளொன்றுக்கு 400 வெள்ளி, கொண்டுவந்து இறக்கித் திரும்ப ஏற்றிச்செல்ல 300 வெள்ளி. வாடகையாகக் கொடுக்கும் பணம் கைவிட்டுப் போய்விடும், வாங்கினால் பொருளாவது மிஞ்சும் என்கிறான் மகன். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. தங்கள் கருத்து என்ன?
– ஓய்வு பெற்ற வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஐயா, உங்கள் தயக்கம் நியாயமானது. நீங்கள் விவரித்த நிலத்துக்கு வாடகையே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் எந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து அந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதை உங்கள் மகனும் சேர்ந்து படிக்கும்படி விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில், சிப்பர் என்பது நிலத்தைத் துப்புரவு செய்யும் இயந்திரம் அன்று. வெட்டி முடித்து, இழுத்து வந்து, அடுக்கி வைத்த கிளைகளைச் சீவலாக்கித் தருவது மட்டுமே அதன் வேலை. வெட்டுவதற்குப் பாராங்கும் புல்வெட்டும் இயந்திரமும் சங்கிலி ரம்பமும் வேண்டும். இழுத்து வருவதற்கு ஆள் வேண்டும். மூன்று ஏக்கர் புதரில் நேரத்தையும் உடலுழைப்பையும் விழுங்குவது அந்த இரண்டு வேலைகள்தாம். சிப்பரை வாங்கி நிறுத்தியதும் காடு குறைந்துவிடும் என்ற எண்ணத்தில் பணத்தைப் போட்டவர்களின் இயந்திரங்கள் கொட்டகையில் கிடப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, உங்கள் நிலத்தில் இருப்பவற்றுள் எவையெல்லாம் சிப்பருக்குள் போகும் என்று பிரித்துப் பாருங்கள். லாலாங் போகாது. புல்லும் பெரணியும் மிக்கானியா போன்ற கொடிகளும் உள்ளே போனால் இயந்திரத்தின் சுழலும் தண்டில் சுற்றிக்கொள்ளும். ஈரமாக இருந்தால் சீவல் வெளியேறும் குழாயை அடைத்துவிடும். அவற்றைப் புல்வெட்டும் இயந்திரத்தால் தரையோடு வெட்டிப் போட்டுவிடலாம். நம் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் அவை தாமாகவே மட்கும். லாலாங்கின் வேர்த்தண்டு மண்ணுக்குள் உயிரோடு இருந்து திரும்பத் துளிர்க்கும் என்பதால், அதற்கு வெட்டிய பிறகும் தொடர்ந்த கவனிப்பு வேண்டும். சிப்பரால் அதற்கு எந்த உதவியும் இல்லை. மறுகோடியில் இருப்பவை பால்மரத்தின் அடிமரங்கள். அவை உங்களிடம் சொல்லப்பட்ட இயந்திரத்தின் வாயில் நுழையவே நுழையா. பால்மரப் பலகை இந்நாட்டு மரத்தளவாடத் தொழிலுக்கு முக்கியமான மூலப்பொருள் என்பதால், எடுத்துக்கொள்ளும் மர வியாபாரி எவரேனும் இருக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். மரங்களின் எண்ணிக்கை குறைவு என்று அவர் மறுத்தால் அறுத்து ஓரமாகக் கிடத்திவிடலாம். ஆக, சிப்பருக்கு உண்மையிலேயே வேலை தருபவை செண்டுடுக்கின் முற்றிய தண்டுகளும், இளம் மஹாங் மரங்களும், பழமரங்களைக் கவாத்து செய்யும்போது விழும் கிளைகளும், பால்மரத்தின் மேற்கிளைகளும் மட்டுமே. வெளியிலிருந்து பார்க்கையில் மலைப்பாகத் தெரியும் புதர், இப்படிப் பிரித்த பிறகு எவ்வளவு சிறிய குவியலாகிவிடுகிறது என்பதை நீங்களே காண்பீர்கள்.

இங்கே மரம் வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை உள்ளூர் திட்ட அதிகாரத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெட்டக் கூடாது என்கிறது. சில விதிவிலக்குகளும் அதில் உண்டு. முற்றிய பால்மரம் அந்த அளவை எளிதில் தாண்டும். ஆகவே ரம்பத்தை எடுப்பதற்கு முன்பே உங்கள் நிலத்தின் வகையைச் சொல்லி, செபராங் பிறை மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிக் கணக்கு. வாடகை நாள்கணக்கில் ஓடுகிறது. இயந்திரம் நிற்கும்போதும் ஓடுகிறது. நீங்கள் கிளையை இழுத்து வரும்போதும் ஓடுகிறது. எனவே இயந்திரம் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் வெட்டி முடித்து, லோரி வந்து நிற்கக்கூடிய பாதையோரமாக, அடிப்பக்கம் அனைத்தும் ஒரே திசையில் பாதையை நோக்கி இருக்கும்படி அடுக்கிவிடுங்கள். இதை வார இறுதிகளில் உங்கள் வசதிப்படி செய்யலாம். அதற்கு வாடகை இல்லை. குவியலைத் தாறுமாறாகப் போட்டுவிட்டு இயந்திரத்தை வரவழைத்தால், சிக்கிய கிளைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுப்பதிலேயே பாதி நாள் கழியும். ஒழுங்காக அடுக்கி வைத்தால், நீங்கள் சொன்ன அளவு நிலத்துக்கு இரண்டு நாள் வாடகை போதும் என்று மதிப்பிடுகிறேன். இரண்டு நாளுக்கு 800, ஏற்றியிறக்க 300, ஆக 1,100 வெள்ளி.

முதல் துப்புரவு முடிந்த பிறகு உங்கள் பழமரங்களைக் கவாத்து செய்ய ஆண்டுக்கு ஒரு நாள் இயந்திரம் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 700 வெள்ளி செலவாகும். வாங்கும் விலையான 7,800-இலிருந்து முதல் வாடகையான 1,100-ஐக் கழித்தால் மீதி 6,700. ஆண்டுக்கு 700 வீதம் அந்தத் தொகை தீர ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகும். இந்தக் கணக்கில் சொந்த இயந்திரத்துக்கான கத்தி, வார் (பெல்ட்), எண்ணெய், கொட்டகை எதையும் நான் சேர்க்கவில்லை. வேலையை முடித்துவிட்டு விற்றுவிடலாமே என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். வாடகையோடு சமமாக வர வேண்டுமானால் அவர் அதை 6,700 வெள்ளிக்கு விற்றாக வேண்டும். பயன்படுத்திய இயந்திரத்துக்கு அந்த விலை கொடுப்பவரைக் கண்டுபிடிப்பது கடினம்.

பணத்தைவிட எனக்குக் கவலையளிப்பது வேறொன்று. ஆண்டுக்கு ஒரு நாள் ஓடும் பெட்ரோல் இயந்திரம், தினமும் ஓடும் இயந்திரத்தைவிட விரைவாகக் கெடும். தொட்டியில் மாதக்கணக்கில் நிற்கும் பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். வார் இறுகிக் காயும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் கத்தியிலும் பேரிங்கிலும் துரு ஏறும். நீங்கள் வசிப்பது பட்டர்வொர்த்தில், இயந்திரம் கிடக்கப்போவது சுங்கை பாக்காப்பில். அங்கேயே பூட்டி வைத்தால் திருட்டு பயம். ஒவ்வொரு முறையும் ஏற்றிவர வேண்டுமென்றால் அதற்கு ஒரு வண்டி. இவையெல்லாம் விலைச்சீட்டில் எழுதப்படாத செலவுகள்.

வாடகைக்கு எடுக்கும்போது சிலவற்றை முன்கூட்டியே பேசி, தாளில் எழுதி வாங்குங்கள். ஒரு நாள் வாடகை என்றால் எத்தனை மணி நேரம்? மழை பெய்து வேலை நின்றால் அந்த நாளுக்கும் கொடுக்க வேண்டுமா? கத்தி உடைந்தால் யார் பொறுப்பு? கடைசிக் கேள்வி உங்களுக்கு மிகவும் முக்கியம். காரணம் உங்கள் பால்மரங்கள். பால் சேர மங்கு (கிண்ணம்) வைப்பதற்காக அந்தக் காலத்தில் மரத்தைச் சுற்றிக் கம்பி கட்டியிருப்பார்கள். பட்டையில் தகரத் தூம்பு அடித்திருப்பார்கள். பால் வெட்டுவது நின்று மரம் பருக்கப் பருக்க, பட்டை அந்தக் கம்பியின் மேல் வளர்ந்து மூடிவிடும். வெளியே தெரிவது, மரத்தைச் சுற்றிச் செல்லும் ஒரு மெல்லிய தழும்பு மட்டுமே. அந்தத் துண்டு சிப்பருக்குள் போனால் கத்தி நொறுங்கும். சில்லுகள் வெளியே தெறிக்கும். ஆகவே மங்கு கட்டிய உயரம் வரையிலான பகுதியை, எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் சரி, சிப்பருக்கு அருகில் கொண்டு போகாதீர்கள். ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் கிளைகளை மட்டும் கொடுங்கள்.

இயந்திரம் வந்து இறங்கியவுடன், எஞ்சின் நின்ற நிலையில், ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, மூடியைத் திறந்து கத்தியைக் காட்டச் சொல்லுங்கள். விளிம்பு நேராகவும் பல் விழாமலும் இருக்க வேண்டும். பிறகு ஒரு கிளையைக் கொடுத்து வெளியே வரும் சீவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூர்மையான கத்தி வெட்டிய சீவல் துண்டு துண்டாக, ஓரம் சீராக இருக்கும். நார் நாராகப் பிய்ந்தும் தூளாகவும் வந்தால் கத்தி மழுங்கியிருக்கிறது என்று பொருள். அந்த இயந்திரத்தோடு இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலை நான்கு நாளானாலும் ஆகும். அப்போதே மாற்றித் தரச் சொல்வதில் தவறில்லை.

இயந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் கிளைப் பருமனையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஐந்து அங்குலம் என்று எழுதிய 15 குதிரைத்திறன் இயந்திரம், ஐந்து அங்குலக் கிளை ஒன்றை எப்படியோ விழுங்கிவிடும். ஆனால் நாள் முழுவதும் திணறாமல் ஓட வேண்டுமென்றால் மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட கிளைகளைக் கொடுப்பதே நல்லது. கிளையைத் தானே இழுத்துக்கொள்ளும் ஹைட்ராலிக் உருளைகள் கொண்ட பெரிய இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால், வாடகை கூடுதலானாலும் அதையே தேர்ந்தெடுங்கள். கையால் தள்ளிக்கொடுக்கும் சிறிய இயந்திரத்தைவிட அது விரைவாக வேலை செய்யும். உங்கள் தோளுக்கும் ஓய்வு கிடைக்கும்.

காலத்தைப் பொறுத்தவரை பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்தவை. ஆண்டின் கடைசியில் வெட்டி அடுக்கத் தொடங்கி ஜனவரியில் இயந்திரத்தை வரவழைத்தால், லோரி சேற்றில் புதையாது. ஆனால் வெட்டிய கிளைகளை மாதக்கணக்கில் காயவிட வேண்டாம். பச்சைக் கிளை எளிதாகச் சீவப்படும். நன்றாகக் காய்ந்து முற்றிய கிளை கத்தியைச் சீக்கிரம் மழுக்கும்.

ஓட்டுநரோடு இயந்திரத்தையும் அனுப்பும் மரம் வெட்டும் குத்தகையாளர்கள் பினாங்கிலும் செபராங் பிறையிலும் இருக்கிறார்கள். நாள்கூலியாகப் பேசினால் தொகை கூடும். ஆனால் கத்தி உடைந்தால் அது அவர்கள் பாடு. உங்கள் வயதையும் மகனின் அனுபவத்தையும் எண்ணிப் பார்க்கையில், முதல் துப்புரவுக்கு அவர்களிடம் ஒரு விலை கேட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். வாங்கியே தீர வேண்டும் என்ற விருப்பம் மகனுக்கு இருந்தால், அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு தரமான புல்வெட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். துப்புரவான நிலம் திரும்பவும் புதராகாமல் காப்பது அதுதான். மாதந்தோறும் அதற்கு வேலை இருக்கும்.

கேள்வி: கிளைகளைக் குவித்துக் காயவைத்துச் சிறிது சிறிதாக எரித்துவிட்டால் இயந்திரச் செலவே இல்லையே? எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.
– வாசகர், சிம்பாங் அம்பாட்

பதில்: செய்யாதீர்கள். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்கிறது. நீதிமன்றம் வரை போனால் இலட்சக்கணக்கான வெள்ளி அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்க அதில் இடமுண்டு. நெருப்பு வைத்தவர் கூலியாளாக இருந்தாலும், நிலத்துக்கு உரியவரும் பதில் சொல்ல வேண்டியவராகிறார். புகைமூட்டக் காலங்களில் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடும் குழந்தைகளையும் முதியவர்களையும் நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். எரிப்பதற்கும் சிப்பருக்கும் இடையே செலவில்லாத வழி ஒன்றும் உண்டு: நிலத்தின் ஓரத்தில் கிளைகளை நீளவாக்கில் வரிசையாக அடுக்கி, மிதித்து அமுக்கி, மட்க விட்டுவிடுவது. இலையும் சுள்ளியும் சில மாதங்களில் அடங்கிவிடும்; கனமான கிளைகளுக்குக் கூடுதல் காலமாகும். இடம் தாராளமாக இருந்து அவசரமும் இல்லையென்றால், இயந்திரமே வேண்டாம் என்பதும் ஒரு நல்ல முடிவுதான். பாம்புகள் தங்கக்கூடும் என்பதால் அந்த அடுக்கு வீட்டிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும்.

கேள்வி: பாலிக் புலாவில் பழத்தோட்டம் வைத்திருக்கும் நாங்கள் ஐந்து குடும்பத்தினர் சேர்ந்து, பழைய சிப்பர் ஒன்றை வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். டுரியான், ரம்புத்தான் காய்ப்பு முடிந்ததும் எல்லாருக்கும் கவாத்து வேலை இருக்கிறது. இது சரிவருமா?
– வாசகி, பாலிக் புலாவ்

பதில்: அம்மா, வாங்குவது பொருத்தமாக அமையும் நிலை உங்களுடையது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் வேலை, அதுவும் ஐந்து தோட்டங்களில். இயந்திரம் சும்மா கிடக்காது. செலவும் ஐந்தாகப் பிரியும். முதல் கடிதத்துக்கு எழுதிய கணக்கை உங்களுக்குப் போட்டால், ஐந்து தோட்டங்களின் வாடகையும் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே ஓர் இயந்திரத்தின் விலையை எட்டிவிடும்.

ஆனால் ஐந்து பேருக்குச் சொந்தமான இயந்திரம், பொறுப்பாளர் ஒருவர் இல்லாவிட்டால் யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடும். கத்தி தீட்டுவது, எண்ணெய் மாற்றுவது, பயன்படுத்தி முடித்ததும் பெட்ரோலை வடித்து வைப்பது ஆகியவற்றை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். அவருக்குப் பங்குத்தொகையில் சலுகை கொடுங்கள். யார் தோட்டத்தில் ஓடுகையில் கத்தி உடைந்தாலும் செலவு பொதுவா, அவருடையதா என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். உடைந்த பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

பழைய இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது, அதை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதே அதன் நிலையைப் பாதி சொல்லிவிடும். எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிய பின், கத்தி பொருத்திய தட்டைக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. சுழலும் கத்திக்கும் எதிரில் நிலையாகப் பொருத்திய இரும்புப் பட்டைக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியதாக, முழு நீளத்துக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பல சிறிய இயந்திரங்களில் அது 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். அந்தப் பட்டையின் விளிம்பு உருண்டு தேய்ந்திருந்தால், புதுக் கத்தி போட்டாலும் சீவல் நாராகவே வரும். வெல்டிங் தையல்களில் வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்; குறிப்பாகக் கத்தித் தட்டிலும், சீவல் வெளியேறும் குழாயின் அடியிலும். தட்டில் வெடிப்பு இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காமல் திரும்பிவிடுங்கள். அது உயிருக்கே ஆபத்து.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இயந்திரத்துக்கு மாற்றுக் கத்தி இங்கே கிடைக்குமா என்று விசாரியுங்கள். பெயர் தெரியாத நிறுவனத்தின் இயந்திரம் மலிவாகக் கிடைக்கும். கத்தியின் துளை அளவு வேறெதற்கும் பொருந்தாமல் போனால், முதல் கத்தி தேய்ந்ததோடு இயந்திரத்தின் ஆயுளும் முடியும். வாங்கும்போதே இன்னொரு ஜோடிக் கத்தியையும் வாரையும் சேர்த்து வாங்கிவிட்டால், ஒன்று தீட்டக் கொடுத்திருக்கும்போது மற்றதை வைத்து வேலை செய்யலாம். புதிய இயந்திரத்தையே வாங்குவதென்று முடிவு செய்தால், முதல் எண்ணெய் மாற்றத்தை மறந்துவிடாதீர்கள்; சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றுக்கு அது முதல் 20 மணி நேர ஓட்டத்திலேயே வந்துவிடுகிறது.

பாலிக் புலாவ் தோட்டங்கள் பலவும் சரிவில் இருப்பவை. சரிவில் சிப்பரை நிறுத்தி ஓட்டக் கூடாது. சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்துதான் ஓட்ட வேண்டும். எனவே ஒவ்வொரு தோட்டத்திலும் இயந்திரம் நிற்க ஒரு சமமான இடமும், கிளைகளை மேலிருந்து கீழாக இழுத்துவர ஒரு பாதையும் இருக்கின்றனவா என்று, பணம் சேர்ப்பதற்கு முன்பே ஐவரும் சேர்ந்து நடந்து பாருங்கள். இரண்டு தோட்டங்களுக்கு இயந்திரமே போய்ச்சேர முடியாது என்று தெரிந்தால், பங்குக் கணக்கு மாறும். புதிதாக மலைச்சரிவை வெட்டித் துப்புரவு செய்யும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால், மலைநிலமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு 1960-ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்பதையும் நினைவில் வைத்து, நில அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடட்டும்.

கேள்வி: நிபோங் திபாலில் இரண்டு ஏக்கர் செம்பனை. மட்டைகளைச் சீவலாக்க ஒரு சிறிய சிப்பர் வாங்கலாமா?
– வாசகர், நிபோங் திபால்

பதில்: வேண்டாம். செம்பனை மட்டையும் தென்னை மட்டையும் நார் மிகுந்தவை. சிறிய இயந்திரத்தின் தண்டில் நார் சுற்றிச் சுற்றி இறுகும். அதை அறுத்தெடுப்பதே பெரும் வேலையாகிவிடும். பெருந்தோட்டங்களில் செய்வதுபோல் மட்டைகளை வரிசைகளுக்கு இடையே அடுக்கிவிட்டால், மண்ணின் ஈரம் காக்கப்படும். மட்கிய பின் சத்தும் மண்ணுக்கே திரும்பும். அதற்கு ஒரு காசு செலவில்லை.

மரத்தையே வெட்டி மறுநடவு செய்யும்போதுதான் சீவல் தேவைப்படுகிறது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து நம் நாட்டுப் பெருந்தோட்டங்கள் எரிக்காமல் மறுநடவு செய்யும் முறைக்கு மாறியபோது, சாய்த்த மரத்தை எக்ஸ்கவேட்டரின் வாளியால் மெல்லிய வில்லைகளாகச் சீவிப் பரப்பும் பழக்கம் வந்தது. உங்களுக்கும் அந்த நிலை வரும்போது, எக்ஸ்கவேட்டரை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுங்கள். சீவியதைக் குவியலாக விடாமல் மெல்லியதாகப் பரப்பச் சொல்லுங்கள். மட்கும் பனைமரக் குவியலுக்குள்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுகிறது. வளர்ந்த வண்டு உங்கள் இளங்கன்றுகளின் குருத்தைத் துளைக்கும். மெல்லியதாகப் பரப்பினால் சீவல் விரைவில் காய்ந்து மட்கி, புழு வளர இடமில்லாமல் போகும்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் என் இரு மகன்களையும் சிப்பர் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமா? மூத்தவனுக்கு வயது 16.
– வாசகர், கெப்பாலா பத்தாஸ்

பதில்: கிளை அடுக்கவும், சீவலை அள்ளிப் பரப்பவும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் வாயருகே இருவரையும் விடாதீர்கள். இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். சிப்பர் பிடித்த கிளை உள்ளே போகும் வேகத்தில், அதைப் பிடித்திருக்கும் கையை எடுக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கிளையின் கவட்டில் சட்டைக் கை மாட்டினாலும், காலில் கொடி சுற்றியிருந்தாலும், ஆளையும் சேர்த்து இழுக்கும்.

ஓட்டுபவர் நீங்களாகவே இருந்தாலும் கைலியோ, தளர்ந்த சட்டையோ, மணிக்கட்டுக்கு மேல் அகலமாக விரியும் கையுறையோ கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு, காலுக்குக் கெட்டியான பூட்ஸ் கட்டாயம். வாய்க்கு நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, அடிப்பக்கத்தை முதலில் கொடுத்து, இயந்திரம் பிடித்த உடனே விட்டுவிட்டு விலக வேண்டும். குட்டையான துண்டுகளைக் கையால் தள்ளாமல், அடுத்துப் போகும் நீண்ட கிளையால் தள்ளுங்கள். அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, தட்டு சுழல்வது முற்றிலும் நிற்கும்வரை காத்திருந்து, பிளக் வயரைக் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் கனமான தட்டு சற்று நேரம் சுழன்றுகொண்டேயிருக்கும். தனியாக ஒருபோதும் ஓட்டாதீர்கள். நிறுத்தும் பொத்தான் எங்கே என்று தெரிந்த இன்னொரு பெரியவர் எப்போதும் அருகில் இருக்கட்டும்.

கேள்வி: சிப்பரில் வந்த சீவலை என்ன செய்வது? வீட்டைச் சுற்றிப் போட்டால் கரையான் வரும் என்கிறார்கள்.
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், அந்த எச்சரிக்கை சரியானதே. ஈரமும் நிழலும் கொண்ட சீவல், கரையான் சுவருக்கு வந்துசேர வசதியான வழியாகிவிடும். சில அடி தள்ளிப் பழமரங்களைச் சுற்றி 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்தில் மூடாக்காகப் பரப்புங்கள். அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். களை குறையும், வறண்ட மாதங்களில் மண் ஈரம் தங்கும். பச்சைச் சீவலை மண்ணோடு கலந்து புதைத்தால் மட்கும்வரை அது மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும் என்பதால், மேலே பரப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய குவியலாக விட்டால் உள்ளே சூடேறும். ஓரிரு நாளில் பரப்பிவிடுவது நல்லது. பழைய பால்மரத் தோட்டமாக இருந்த நிலமென்றால், தோண்டியெடுத்த வேர்களையும் அடிக்கட்டைகளையும் சீவி இளமரங்களின் அடியில் போட வேண்டாம். வெண்வேர் நோய்ப் பூஞ்சை அவற்றில் தங்கியிருக்கக்கூடும். அது பால்மரத்தோடு நில்லாமல் வேறு மரங்களையும் தாக்கும். மேற்கிளைகளின் சீவலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியதைச் சாக்குகளில் கட்டி வைத்தால், காய்கறிப் பாத்தி போடும் அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.